காலித் தட்டில் பத்து கிலோ

ஆடி மாதம் கணவாய்க் காற்று
வேலந்தாவளத்துக்குள் புகும்போது
யாரும் ஏறாத எடைத்தட்டு
பத்து கிலோ என்கிறது.
பிறகு பூஜ்யம். பிறகு பத்து.
காற்றுக்கு ரசீது போட முடியாது.

இரவு பத்திலிருந்து ஆறுவரை என் முறை.
ஒரே கணினி. ஒரு ஜன்னலில் லாரி எடை,
இன்னொன்றில் என் கப்பல்.
பெயர் கேட்டபோது
வேலந்தாவளம் ஒன்று என்று அடித்தேன்.
வேறெதுவும் தோன்றவில்லை.

முதல் வாரம் ஒற்றைக் குழல் துப்பாக்கி,
தகரம் மாதிரி ஒரு கவசம்,
மூன்று கல் பட்டால் கதை முடிந்தது.
உடைத்த பாறையில் உதிரும் தாதுவைப்
பொறுக்கிப் பொறுக்கி
ஏதோ ஒரு நிலவின் பின்பக்கக் கடையில் விற்று
இரட்டைக் குழல் வாங்கினேன்.
பழையதற்குப் பாதி விலைதான் கொடுத்தான்.
அங்கேயும் அப்படித்தான்.

அப்புறம் பதினோரு இரவு சேர்த்து
நீலக் கவசம், நான்காம் படி.
வாங்கிய அன்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததில்
தேங்காய்மட்டை லாரிக்கு
வைக்கோல் என்று ரசீது போட்டுவிட்டேன்.

இந்த விளையாட்டை நிறுத்திவைக்க வழியில்லை.
ஹாரன் கேட்டால்
ஒரு பாறை நிழலில் ஒதுக்கிவிட்டு ஓடவேண்டும்.
கோழி லாரி, எம்-சாண்ட், பொள்ளாச்சி இளநீர்.
திரும்பி வந்தால் சில சமயம் கப்பல் இருக்கும்.
சில சமயம் வட்டமாகக் கொஞ்சம் பொறி.

உண்ணீன்குட்டி இக்கா வந்த இரவு
பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது.
நான் மூடியைத் திறந்து இழுத்துக்கொண்டிருக்க
அவர் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.
"இது எங்கோட்டு போற வண்டி, மோனே?"
எங்கேயும் போகாது இக்கா, சுடுகிற வண்டி.
"அப்ப வாடகை?"

மசி விரலோடு நான் நிமிர்வதற்குள்
இரட்டைக் குழலை விற்றிருந்தார்.
நீலக் கவசத்தையும்.
அத்தனை காசுக்கும் ஒரு சரக்கறை,
கடையில் இருந்ததிலேயே பெரியது.
"தோக்கு வெச்சு என்னத்த ஏத்துவே?"
ரசீதை நான்காக மடித்துக்கொண்டு போய்விட்டார்.
பதினாறாயிரத்து நாற்பது கிலோ.

வண்டி எண்ணைச் சொல்லிச் சொல்லித் திட்டினேன்.
விடியும்வரை கப்பலைத் தொடவில்லை.

மறுநாள், சுட வழியில்லாததால் ஒதுங்கினேன்.
எதிரிகள் தங்களுக்குள்ளும் சுட்டுக்கொள்வார்கள் என்பதை
அப்போதுதான் பார்த்தேன்,
அதுவரை எப்போதும் நான் முந்திக்கொண்டிருந்தேன்.
யார் யாரோ உடைத்த பாறைகளின் தாது
கேட்பாரற்று மிதந்தது. அள்ளினேன்.
அறை நிறைய நிறையக் கப்பல் கனத்தது,
திருப்பத்தில் பின்பாகம் இழுத்தது,
வைக்கோல் ஏற்றிய வண்டி
கொழிஞ்சாம்பாறை வளைவில் சாய்வதுபோல.
அந்த இருட்டிலும் எடை உண்டென்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
இரண்டு முறை செத்தேன், அறை நிறையச் சரக்கோடு.

ஒன்பதாம் இரவு அவர் வண்டி
தட்டில் ஏறி நின்றது.
அவர் இறங்கியதும் எண்பது கிலோ குறைந்தது.
நேராக ஜன்னலுக்கு வந்து
"எத்தர லோடு?" என்றார்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி
ஒவ்வொரு எண்ணாகப் படித்து
கடைசியில் ஒரு மூலையைத் தொட்டார்.
"டீசல் தீரப் போகுதே."

அந்த மூலையை நான் பார்த்ததே இல்லை.

பின்னால் புளி லாரி ஹாரன் அடிக்கிறது.
கப்பலை ஒதுக்க அக்கம்பக்கம் ஒரு பாறையும் இல்லை.
"நீ போய் அவனெப் பாரு, நான் பிடிச்சுக்கறேன்"
என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.
அவனைப் பார்க்கவேண்டுமென்றால்
முதலில் தட்டைவிட்டு எடுக்கவேண்டியது
இக்கா, உங்கள் வண்டி.
அது அங்கே
அவர் இல்லாத எடையில்
காற்றுக்குப் பத்து ஏறி
பத்து இறங்கி.